வயிற்றில் கரையும் புளி: தேர்தல் பதற்றம் என்றால் என்ன, களத்தில் நிற்கும் பெண்கள் அதை எப்படித் தாங்குவது?

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19ஆம் தேதி. எண்ணியது ஜூன் 4. நடுவில் 46 நாள். அந்த 46 நாளும் எங்கள் மகளிர் குழுவில் இருக்கும் ஓர் அக்கா சரியாகத் தூங்கவில்லை. பூத் சிலிப் கொடுக்க வெயிலில் தெருத்தெருவாக அலைந்தபோது வராத தலைவலி, வேலையெல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனைப் பார்ப்பார். புதிதாக ஒன்றும் இருக்காது. படுப்பார். மூன்றரைக்கு மறுபடி எழுவார். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது.

வீட்டில் அவரிடம் கேட்டது, "உனக்கெதுக்கு அரசியல்?" குழுவில் சொன்னது, "இதுக்கெல்லாம் பயந்தா முடியுமா அக்கா?" இரண்டு பேச்சுமே அவரைக் குற்றவாளி ஆக்கின. அக்காவுக்கு வந்தது கோழைத்தனமும் இல்லை, வேண்டாத வேலையில் இறங்கியதற்கான தண்டனையும் இல்லை. அதற்குப் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிந்த விஷயம்தான். அதை எளிமையாகச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பயம் வேறு, பதற்றம் வேறு

சந்துக்குள் நுழைகிறீர்கள். நாய் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அது பயம். எதற்குப் பயப்படுகிறோம் என்று விரல் நீட்டிக் காட்டலாம். நாய் போனதும் பயமும் போய்விடும்.

இன்னொன்று பாருங்கள். பைக்கில் போன மகன் ராத்திரி பத்தரை ஆகியும் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறோம். வயிற்றில் புளியைக் கரைக்கிறது. எதிரில் நாய் இல்லை, விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை. தெரியாத ஒன்றுக்காக உடம்பு முன்கூட்டியே தயாராகி நிற்கும் இந்த நிலைதான் பதற்றம்.

இரண்டிலும் உடம்பு செய்வது ஒரே வேலைதான். அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார்ப்படுத்துவது அது. இதயம் வேகமாக அடிக்கும், செரிமானம் மந்தமாகும், தூக்கம் கலையும். நாயைக் கண்டால் ஓடி அந்தத் தயார்நிலையைச் செலவழித்துவிடலாம். தேர்தல் முடிவுக்காகக் காத்திருக்கும்போது எங்கே ஓடுவது? அடங்காமல் நாள்கணக்கில் நீடிக்கும் தயார்நிலை தலைவலியாகவும் வயிற்றுக் கோளாறாகவும் எரிச்சலாகவும் வெளியே வருகிறது. பிள்ளையை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அடித்துவிட்டு அப்புறம் அழுத அம்மாக்களை எனக்குத் தெரியும்.

பாம்பு இருக்கிற கல்லா, இல்லாத கல்லா?

2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். 45 பேரைக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். திரையில் கற்கள் வரும்; அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் நிஜமாகவே வலிக்கிற மாதிரி மின்சாரம் சுருக்கென்று அடிக்கும். வியர்வையையும் கண் பாப்பா விரிவதையும் அளந்துகொண்டே இருந்தார்கள்.

யாருக்கு அதிகப் பதற்றம்? நிச்சயமாக ஷாக் அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் என்று நாம் நினைப்போம். அப்படி வரவில்லை. அடிக்கவும் செய்யலாம், அடிக்காமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்த நேரத்தில்தான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. வரப்போவது வலிதான் என்று உறுதியானவுடன் உடம்பு கொஞ்சம் அடங்கியது.

தேர்தலை இதோடு வைத்துப் பாருங்கள். கண்டிப்பாகத் தோற்கும் தொகுதியில் வேலை செய்தவர்கள் ஓரளவு தூங்கிவிடுகிறார்கள். கண்டிப்பாக ஜெயிக்கும் இடத்திலும் அப்படியே. "இழுபறி" என்று சொல்லப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் தூக்கம் போகிறது. எங்கள் அக்காவின் தொகுதி அப்படிப்பட்டது.

இது நம் ஊருக்கோ பெண்களுக்கோ மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க உளவியல் சங்கம் எடுத்த கணக்கெடுப்பில், அதிபர் தேர்தல் தங்களுக்குப் பெரிய மன அழுத்தம் தருகிறது என்றவர்கள் 2016இல் 52 சதவீதம், 2020இல் 68 சதவீதம்.

இதுவரை பார்த்தது: பதற்றம் என்பது தெரியாத முடிவுக்கு உடம்பு தரும் பதில். முடிவு எவ்வளவு ஊசலாடுகிறதோ அவ்வளவு பதற்றம். காத்திருப்பு நீள நீள அது தேங்கும்.

அடித்தள அரசியல் என்றால் கொடி பிடிப்பது மட்டுமா?

"அரசியலில் இருக்கும் பெண்" என்றதும் மேடையில் உட்கார்ந்திருப்பவரையோ, கூட்டத்துக்கு வேனில் ஏற்றி வரப்படுபவரையோதான் பலர் நினைக்கிறார்கள். நடுவில் உள்ள பெரிய கூட்டம் கண்ணில் படுவதே இல்லை. குடிநீர்க் குழாய்க்காக மறியல் செய்தவர், பள்ளிக்கூடம் பக்கத்திலிருக்கும் டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி மனு எழுதியவர், நூறு நாள் வேலையில் கூலி பாக்கியைக் கேட்டவர், வாக்காளர் பட்டியலில் விடுபட்ட பெயர்களுக்குப் படிவம் 6 நிரப்பிக் கொடுத்தவர். தன் ஊர், தன் தெருவிலிருந்து தொடங்கி, அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்கிற இந்த வேலைக்குத்தான் அடித்தள அரசியல் என்று பெயர். கட்சி அட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1921இல். அதுவும் சொத்து இருந்தவர்களுக்கு. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று அமலுக்கு வந்தபோது ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றானது. 2016இல் தமிழ்நாடு அதைப் பாதி இடமாக உயர்த்தியது. ஆனால் மேலே ஏற ஏற எண்ணிக்கை தேய்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் பெண் வாக்காளர்கள் ஆண்களைவிடச் சுமார் 10 லட்சம் பேர் அதிகம். ஜெயித்து வந்த பெண்கள் 234 பேரில் 12. பெண்களின் உழைப்பு பூத்தில் தேவைப்படுகிறது, சட்டமன்றத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை என்றுதான் இந்தக் கணக்கை நான் படிக்கிறேன்.

ஊர்த் தேர்தலில் பதற்றம் ஏன் இன்னும் கனமாக இருக்கிறது?

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஒவ்வொருவர் கையிலும் நான்கு வாக்குச்சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். வெள்ளைக்கும் இளஞ்சிவப்புக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. அதாவது தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கும் பெண்ணுக்கு முன்னால் கட்சி என்ற திரை இல்லை. அவர் முகம்தான், அவர் பெயர்தான்.

சட்டமன்றத்தில் தோற்றவரிடம் யார் ஓட்டுப் போடவில்லை என்று கேட்டால் அவருக்குத் தெரியாது; லட்சம் பேர். சில நூறு ஓட்டு உள்ள வார்டில் அப்படியா? ஓட்டு ரகசியம்தான். ஆனால் 38 ஓட்டில் தோற்ற பெண், தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பாள். நாத்தனார் வீட்டில் ஐந்து ஓட்டு, வந்ததா? சீட்டுக் கட்டும் அக்கா வீட்டில் மூன்று, அது எங்கே போனது? மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் அதே முகங்களைப் பார்க்க வேண்டும். அவசரத்துக்குக் கைமாத்து கேட்கவும் அந்த வாசலுக்குத்தான் போக வேண்டும். ஆக, பதற்றம் பதவி கிடைக்குமா என்பதோடு நிற்பதில்லை. "இந்த ஊர் என்னை என்னவாக நினைக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் எண்ணில் வரப்போகிறது. அதைத் தாங்குவது லேசான காரியம் இல்லை.

இன்னொரு நிச்சயமின்மையும் உண்டு. பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம் நிரந்தரமாக அங்கேயே இருக்காது; சில தேர்தல்களுக்கு ஒருமுறை வேறு இடத்துக்கு மாறும். இதைச் சுழற்சி முறை என்பார்கள். நன்றாக வேலை செய்த தலைவிக்கே அடுத்த முறை தன் ஊர் யாருக்கு ஒதுக்கப்படும் என்று தெரியாது. தேர்தல் எப்போது என்பதும் தெரியாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் வரவே மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. 2019இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, அந்த மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடி அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. நிற்கலாமா, எப்போது, எந்த வார்டில் என்று ஒன்றும் தெரியாமல் தயாராகவே இருப்பதும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான்.

மிரட்டலைப் பதற்றம் என்று சொல்லக்கூடாது

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. யாரோ வீட்டு வாசலில் வந்து "வாபஸ் வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போனால், அதனால் தூக்கம் வராமல் போனால், அந்தப் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரக் கூடாது. நாய் எதிரில் நிற்கிறது. அது பயம், நியாயமான பயம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவி தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியே வந்தது. அதன் பிறகுதான் வழக்குப் பதிவானது. அவர் வலிமையற்றவர் என்பதா அங்கே பிரச்சினை? நாற்காலியை மறுத்தவர்கள்தானே!

மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். தனியாகப் போகாமல் குழுவோடு போய்ப் புகார் கொடுங்கள். பெண்கள் உதவி எண் 181, போலீஸ் 100. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல் காலத்தில் பணம் கொடுப்பது, மிரட்டுவது போன்றவற்றைப் படம் பிடித்து அனுப்ப சி-விஜில் என்ற செயலி இருக்கிறது.

விதைப்பது நம் கை, மழை வானத்தின் கை

மிரட்டல் இல்லை, வெறும் காத்திருப்பின் பதற்றம்தான் என்றால் என்ன செய்வது? மானாவாரி நிலத்தில் விதைத்தவளைப் பாருங்கள். மழை அவள் கையில் இல்லை. அதற்காக வானத்தைப் பார்த்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருப்பதில்லை. வரப்பைச் சீர் பண்ணுவாள், களை எடுப்பாள், ஆட்டை விரட்டுவாள். கைக்கு ஒரு வேலை இருக்கும்போது மனசு கொஞ்சம் ஆறுகிறது. "இதில் என்னால் செய்ய முடிந்தது ஏதோ இருக்கிறது" என்ற இந்த எண்ணத்துக்குக் கட்டுப்பாட்டு உணர்வு என்று பெயர். முடிவை அது மாற்றாமலும் போகலாம். ஆனால் உடம்பு அதைக் கேட்டுக்கொள்கிறது.

தேர்தலில் கைப்பிடியாகச் சில இடங்கள் நிஜமாகவே இருக்கின்றன. அந்த 46 நாளில் அக்காவை அதிகம் ஆட்டியது வாட்ஸ்அப்பில் வந்த "மெஷினை மாத்திட்டாங்களாம்" வகை செய்திகள். எனக்கு அவரிடம் சொல்லத் தெரிந்தது அவரே கையில் வைத்திருந்த ஒரு தாளைப் பற்றித்தான். அவர் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர், அதாவது வேட்பாளர் சார்பில் வாக்குச்சாவடிக்குள் இருந்து கவனித்தவர். காலையில் ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு முன்னால் ஏஜென்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்த்து அழிப்பார்கள். அதுதான் மாதிரி வாக்குப்பதிவு. சாயங்காலம் முடியும்போது அந்த மெஷினில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதி, அதிகாரி கையெழுத்துப் போட்டு, அங்கிருக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் நகல் கொடுப்பார்கள். அதன் பெயர் படிவம் 17சி. எண்ணும் நாளில் அந்த மெஷின் காட்டும் மொத்தமும் இந்தத் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அக்கா அந்த நகலை நான்காக மடித்து ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார். எடுத்து விரித்தோம். எண் இருந்தது, கையெழுத்து இருந்தது. அதை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்து பூத்களில் இருந்தவர்களிடமும் வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். வதந்தி வருவது நிற்கவில்லை. ஆனால் வந்தால் எடுத்துப் பார்க்க அவரிடம் ஒன்று இருந்தது. மெஷின்களைப் பூட்டி வைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு வேட்பாளர்களும் தங்கள் சீல் வைக்கலாம், அவர்கள் ஆட்கள் வெளியே காவல் இருக்கலாம் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சுருக்கமாக: மிரட்டலுக்குப் புகார், காத்திருப்புக்குக் கைவேலை. வேலை என்பது மனசைத் திசைதிருப்ப ஏதோ ஒன்று என்று இருந்தால் போதாது. பதற்றம் எதைப் பற்றியதோ அதைத் தொடுகிற வேலையாக இருந்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரு சோறு பதம் இங்கே செல்லாது

எண்ணும் நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். முதலில் தபால் ஓட்டு. பிறகு மெஷின்கள். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு வழக்கமாக 14 மேசை. ஒரு மேசையில் ஒரு பூத். 14 பூத் எண்ணி முடித்தால் ஒரு ரவுண்டு. தொகுதியில் 300 பூத் இருந்தால் 22 ரவுண்டு வரும். டிவியில் "முன்னிலை" என்று ஓடுவது, அதுவரை எண்ணிய ரவுண்டுகளில் யாருக்கு அதிகம் என்பது மட்டுமே.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது ஏன் சரியாக வருகிறது? பானையில் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் ஒன்றாகக் கொதித்தது. பூத்கள் அப்படிக் கலந்து கிடப்பதில்லை. பெரும்பாலும் வரிசை எண்படிதான் எடுப்பார்கள். முதல் ரவுண்டில் வருவது தொகுதியின் ஒரு மூலை. அந்த மூலை ஒருவரின் சொந்த ஊராக இருக்கலாம். ஐந்தாவது ரவுண்டில் வேறு ஊர், வேறு தொழில், வேறு சாதி. அதனால் காலை ஒன்பதரைக்கு வரும் முன்னிலையைப் பார்த்துத் துள்ளுவதிலும் அர்த்தமில்லை, தலையில் கை வைப்பதிலும் அர்த்தமில்லை. 2021இல் தியாகராய நகர் 137 ஓட்டில் முடிந்தது. அப்படி ஓர் இடத்தில் கடைசி ரவுண்டு வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஓட்டுப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பும் இதே மாதிரிதான். 2024 ஜூன் 1 சாயங்காலம் வந்த பல கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடத்துக்கு மேல் சொல்லின, கிடைத்தது 293.

ஏன் அப்படியும் போனை வைக்க முடிவதில்லை? தாயம் விளையாடியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு உருட்டலுக்கும் தாயம் விழுந்தால் சலித்துவிடும். விழவே விழாது என்றால் கட்டையைக் கீழே வைத்துவிடுவோம். எப்போதாவது விழும் என்பதால்தான் கை நிற்பதில்லை. இருபது முறை பார்த்ததில் ஒருமுறை நல்ல செய்தி வந்தால், அடுத்த இருபது முறைக்கு அது போதும். எங்கள் குழுவில் ஜூன் 4 அன்று பத்து மணி, ஒரு மணி, ஐந்து மணி என்று மூன்று வேளை மட்டும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். போன்களை ஒரு தாம்பாளத்தில் வைத்து அலமாரி மேலே ஏற்றினோம். பன்னிரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார், யாரும் திட்டவில்லை.

உடம்புக்குச் செய்ய வேண்டியது

உடம்பின் இந்த இறுக்கத்தைத் தளர்த்த நடை உதவும்; வேகமாக அரை மணி நேரம் போதும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி பத்துத் தடவை விட்டால் நெஞ்சுப் படபடப்பு அடங்கும், ஏனென்றால் மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே மெதுவாகிறது. களத்தில் இருக்கும் பெண்கள் வேளைக்குச் சாப்பிடுவதில்லை. எல்லோருக்கும் பொங்கிப் போட்டுவிட்டு டீயிலேயே பொழுதை ஓட்டுவார்கள். வெறும் வயிற்றில் மூன்றாவது டீ படபடப்பைக் கூட்டும். தேர்தல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஒரு மாதம் வீட்டுச் சமையலில் யாராவது கை கொடுத்தாலே பாதிப் பதற்றம் வராது என்பது என் அனுபவம்.

முடிவு வந்து இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது தேர்தல் பதற்றத்தைத் தாண்டிவிட்டது. டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. காசு இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

100 பேர் என்ற எண்

கிராம சபை என்பது ஊரின் வாக்காளர்கள் எல்லோரும் உறுப்பினராக இருக்கும் கூட்டம். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கு உண்டு. 500 பேருக்கு மேல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு அது 100.

2024 ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு முந்தின வாரமே அக்கா வீடு வீடாகப் போனார். தேர்தலுக்குப் போன அதே தெருக்கள். அவர் வேலை செய்த வேட்பாளருக்கு ஓட்டுப் போடாதே என்றவர்கள் வீட்டுக்கும் போனார். கேட்டது ஒன்றுதான்: கிழக்குத் தெரு மோட்டார் பழுதாகி நாலு மாசம் ஆகிறது, வந்து கை தூக்குங்கள். அன்று காலை பதினொன்றரைக்குப் பதிவேட்டில் 87 கையெழுத்து. அக்கா எழுந்து தெருவுக்குள் போனார். நூறு நாள் வேலைக்காரர்கள் உட்கார்ந்திருந்த வேப்ப மரத்தடியிலிருந்து பதினெட்டுப் பேரைக் கூட்டிவந்தார். 105 ஆனதும் பந்தல் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, யாரோ நீட்டிய வடையைப் பிட்டுச் சாப்பிட்டார். மோட்டார் தீர்மானம் ஏழாவதாகப் படிக்கப்பட்டது.